சோப்பு டப்பாவும் கெவுளியும்

போன மாதம் எங்கள் பழைய பட்டறையிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைக் காட்டினான். தடுப்பு மருந்து வைக்கும் ஃப்ரீசரில் இதை மாட்டிவிட்டால், உள்ளே சூடு ஏறும்போது செல்போனுக்கே செய்தி வந்துவிடுமாம். உங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது சார் என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருந்தது தம்பி, நானே செய்தேன், அது செய்தி அனுப்பாது, கத்தும் என்றேன். அவன் சிரித்துவிட்டு, எழுதித் தாருங்கள், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறோம் என்றான். எழுதிவிட்டேன். சாயங்காலத்தில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

என் பெயர் அந்துவான். வில்லியனூர்ப் பக்கத்துக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். சகுனம், சாத்திரம் எதிலும் எனக்கு ஒட்டுதல் கிடையாது. ஐ.டி.ஐ. படிப்பு, ஐஸ் பேக்டரியில் கொஞ்ச காலம் கை மரத்துப்போன வேலை, அப்புறம் அரசாங்கப் பட்டறையில் குளிர்சாதன மெக்கானிக். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. வேலையை நான் கற்றது முசேயிடம்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; அவர் எங்கள் பட்டறையின் பொறுப்பாளர். சொந்தப் பெயர் ஒன்று உண்டு, யாரும் சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்து ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டிக்குக் காவல் இருந்து மேலே வந்தவர். ஃப்ரீசரைக் கடைசி வரை கிளாசியேர் என்றுதான் சொன்னார். குரலை உயர்த்த மாட்டார். நீங்கள் தப்பு செய்தால் உங்கள் கையிலிருந்து ஸ்குரூடிரைவரை மெல்ல வாங்கி, தன் கைக்குட்டையால் துடைத்து, தன் பையில் போட்டுக்கொள்வார். அன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். சாயங்காலம் வரை பட்டறை நடுவில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஃப்ரீசர் முன்னால் நின்றால் முதலில் காது, அப்புறம் கை, கடைசியில்தான் கண் என்பது அவர் சட்டம். கம்ப்ரெசரின் உறுமல் கேட்கிறதா என்று கேட்க வேண்டும். பின்பக்கக் குழாயில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். குழாய் சூடாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. மூடியைத் திறப்பது எல்லாவற்றுக்கும் பிறகு. சும்மா திறப்பவனைத் திருடன் என்பார். தெர்மாமீட்டரோ உள்ளே கிடக்கும். அதைப் பார்க்க மூடியைத் திறந்தால் குளிர் வெளியே போகும். சூட்டைத் தெரிந்துகொள்ளப் போய்ச் சூட்டை ஏற்றிவிட்டு வருகிற கூத்து அவருக்கு ஆகவே ஆகாது.

எண்பதுகளில் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கெல்லாம் ஃப்ரீசர் வந்தது. போலியோ சொட்டு மருந்து அதில்தான் இருக்கும். இளஞ்சிவப்பு மருந்து. மீன் கெட்டால் நாறும், பால் கெட்டால் திரியும். இந்த மருந்து செத்தால் ஒன்றும் தெரியாது. அதே நிறம், அதே சொட்டு, குழந்தையும் அதே மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கும். வித்தியாசம் தெரிவது பின்னால் ஒரு நாள், காய்ச்சல் வந்து கால் விளங்காமல் போகும்போது.

மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே உள்சூட்டைச் சொல்ல ஒரு பெட்டி வேண்டும் என்று முசே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஃப்ரீசரின் கரண்டிலேயே அதை ஓட்டிவிடலாமே என்றேன். அவர் என் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்தார். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கரண்ட் போனாத்தான் அது கத்தணும். அந்தக் கரண்ட்டையே நம்பிக்கினு இருந்தா, கிளாசியேர் தூங்கும்போது அதுவும் சேந்து தூங்கும்" என்றார்.

ஆகவே பேட்டரி. டார்ச் விளக்குக்குப் போடும் கட்டைகள் ஆறு. உள்ளே வைக்க, குளிருக்குத் தக்கபடி மின்தடை மாறும் தெர்மிஸ்டர் என்ற மிளகளவு மணி. மெட்ராஸ் ரிச்சித் தெருவிலிருந்து வாங்கி வந்தேன். அதை அப்படியே வைத்தால் மூடியை ஒருமுறை திறந்ததற்கே பெட்டி கத்தித் தொலைக்கும். காலி ஊசிமருந்துக் குப்பியில் கிளிசரினை ஊற்றி, மணியை அதில் முக்கி, வாயை மெழுகால் அடைத்தேன். குப்பி சூடானால் மருந்தும் சூடாகிவிட்டது என்று அர்த்தம். தலைமுடி போல மெல்லிய கம்பிகள் இரண்டும் மூடியின் ரப்பருக்கு அடியில் நசுங்காமல் வெளியே வரும். வெளியே சோப்பு டப்பா. பச்சை நிறம். அதற்குள் சர்க்யூட்டும், பழைய பாக்கெட் ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு சின்ன ஸ்பீக்கரும்.

பெட்டிக்கு அளவு வைத்ததை மறக்க முடியாது. ஐஸ் பேக்டரியிலிருந்து கட்டி வாங்கிச் சாக்கில் போட்டு உடைத்து, கல்லுப்பைக் கலந்து, வாளியில் மரக்குச்சியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு ஏற ஏறச் சூடு இறங்கும். நல்ல தெர்மாமீட்டரையும் என் குப்பியையும் ஒரே நூலில் கட்டித் தொங்கவிட்டு, மைனஸ் பதினைந்துக்கு மேலே வந்தால் கத்த வேண்டும் என்று சர்க்யூட்டின் திருகைத் திருப்பி வைத்தேன். முசே முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். அதுதான் பாராட்டு.

முதலில் விடாமல் ஊளையிடும்படி செய்தேன். அது கட்டைகளை இரண்டே நாளில் குடித்துத் தீர்த்தது. அதனால் விட்டு விட்டுச் சத்தம் வரும்படி மாற்றினேன். டிச் டிச் டிச் டிச் என்று நாலு தட்டு, பிறகு ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் மௌனம், மறுபடி நாலு தட்டு. பட்டறையில் சுத்தியலும் கம்ப்ரெசரும் போடுகிற இரைச்சலில் சத்தம் கேட்கிறதா என்பதுதான் எங்கள் கவலை. அது எதைப் போல இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் பெட்டியைப் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மாட்டினேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குற்றமில்லை. சுற்றிலும் நெல் வயல், நடுவில் ஓட்டுக் கட்டடம், பின்பக்கம் ஃப்ரீசர் அறை. அங்கே வேலை பார்த்த உதவியாளர் தனக்கோடி அக்கா. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண்மணி. சூடு ஏறினால் இந்தப் பெட்டி கத்தும், கத்தினால் மூடியைத் தொடாமல் பட்டறைக்கு ஆள் அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். கத்தும் என்ற சொல்லை அழுத்தியே சொன்னேன். அக்கா பஸ் ஹாரன் அளவுக்கு எதிர்பார்த்திருக்கிறாள்.

இடையில் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பெட்டி கத்தியதா என்று கேட்டேன். ஒருநாளும் கத்தவில்லை, கெவுளி ஒன்றுதான் உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றாள். நானும் நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். இதில் என்ன தப்பு என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிச் சுவரில் பல்லி இல்லை?

எங்கள் பக்கத்தில் சுவரில் ஓடினால் அது பல்லி. நீங்கள் ஒன்றைப் பேசி முடித்ததும் அது கத்தினால் கெவுளி. பேசியது பலித்துவிடும் என்று அர்த்தம். உடனே விரலை மடக்கித் தரையில் தட்டி அந்த வாக்கை வாங்கிக்கொள்வார்கள். மாதா கோயிலுக்குப் போகும் என் அம்மாவே தட்டுவாள்.

கட்டை மாற்றப் போன அன்றைக்கு உச்சிவெயில். சுகாதார நிலையத் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சொட்டு மருந்து நாள் இல்லை. மடியில் குழந்தை இருக்கிறது, ஒரு குழந்தையும் அழவில்லை. பெண்களும் பேசவில்லை. அத்தனை பேர் கூடிய இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் சாவு வீட்டில்கூடக் கண்டதில்லை. தூரத்தில் வயல் மோட்டார்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அறை வாசலில் தனக்கோடி அக்கா என்னைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"கொஞ்சம் இரு சார். உள்ள ஒரு பொண்ணு கேட்டுக்கினு கீது."

யாரிடம் கேட்கிறாள் என்றேன். கெவுளியிடம் என்றாள். இந்த அறையில் வந்து கேட்டால், கேட்டதற்குக் கெவுளி சொல்கிறதாம். வயிற்றில் இருப்பது தங்குமா, காய்ச்சல் இறங்குமா, வெளியூர் போனவன் திரும்புவானா என்று சுற்றுவட்டாரத்துப் பெண்களெல்லாம் வருகிறார்கள். காலையில் சொல்லாது. வெயில் ஏறின பிறகுதான் சொல்லும். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீ அந்தப் பச்ச டப்பாவ மாட்டிட்டுப் போன பொறவுதான் சார்" என்றாள்.

நான் வாசலுக்கு இன்னும் ஓரடி நெருங்கினேன்.

உள்ளே இருந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். நான் உள்ளே போனேன். முதலில் காது. உறுமல் இல்லை. ஃப்ரீசரின் வெள்ளை வயிற்றில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. சோப்பு டப்பாவின் மேல் ஒரு செம்பருத்தி. பின்பக்கக் குழாயில் புறங்கையை வைத்தேன், ஆறிக் கிடந்தது. அப்போது டிச் டிச் டிச் டிச் என்று கேட்டது. நான் செய்த சத்தம்தான். என் கையால் அளவு வைத்த அதே நாலு தட்டு.

பூவை எடுத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். ஆறு கட்டைகளும் பொங்கி வழிந்து, முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. மீட்டரை வைத்தால் முள் அசையவே இல்லை. இன்று நேற்று செத்த கட்டைகள் அல்ல. கட்டைகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் செத்துப்போச்சு என்று எனக்கு நானே முணுமுணுத்தேன்.

டிச் டிச் டிச் டிச்.

கட்டைகள் என் கையில் இருக்கின்றன. டப்பா வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. வாசலில் தனக்கோடி அக்கா குனிந்து தரையில் தட்டுவது கேட்டது. செத்துப்போச்சு என்ற வாக்கை அவள் யாருக்காக வாங்கிக்கொண்டாள் என்று நினைத்தபோது பயந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டு பேருமாக ஃப்ரீசரைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். கம்ப்ரெசரின் கறுப்பு மண்டையின் மேல் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. வெயிலையே பார்க்காமல் வளர்ந்தது போல வெளுத்து, உடம்புக்குள் இருப்பது நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய தோல். எங்களைக் கண்டு அது ஓடவில்லை. தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மூடியைத் திறந்தேன். மருந்துக் குப்பிகள் தண்ணீராகக் குலுங்கின.

முசேக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்ததும் முதலில் வயல் பக்கம் பார்த்தார். பகலில் வயல்களுக்குக் கரண்ட் விட்டால் பாகூர் பூராவும் மோட்டார் ஓடும். வோல்டேஜ் படுத்துவிடும். கம்ப்ரெசர் முக்கிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். இரவில் மோட்டார் நின்றதும் கம்ப்ரெசர் மறுபடி ஓடி எல்லாவற்றையும் உறைய வைத்துவிடும். காலையில் நர்ஸ் சிஸ்டர் திறந்து பார்க்கும்போது மருந்து கல் மாதிரி இருக்கும். தினமும் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, இரவில் உயிருள்ளது போல விறைத்துக் கிடந்திருக்கிறது.

பல்லியைப் பற்றியும் கேட்டேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"கம்ப்ரெசர் சூட்டுல குடியிருக்குது. அது நின்னா இதுக்குக் குளுரும். ஒம் பொட்டி கத்துன நேரம் எல்லாம் இதுவும் கேட்டுக்கினு இருந்திருக்கும். பொட்டி செத்த பொறவு, இது கத்துது."

அப்படியென்றால் பெட்டி எப்போது நின்றது, பல்லி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருந்து எந்த நாளிலிருந்து கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியவில்லை என்றால் கெட்டது என்று வைத்துக்கொள் என்றார். சுகாதார நிலையத்து டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். இருந்த மருந்து முழுவதும் அழிக்கப்பட்டது. பெட்டி மாட்டிய பிறகு சொட்டு விட்ட குழந்தைகள் அத்தனை பேருக்கும் மறுபடி விடுவது என்று முடிவாயிற்று.

எல்லோரும் வந்தார்கள், அஞ்சலையைத் தவிர. தனக்கோடி அக்கா அவளைப் பற்றிச் சொன்னாள். மூத்த பையனுக்குக் கைக்குழந்தையிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. இரண்டாவது பெண் குழந்தை. சொட்டு மருந்து விட்ட அன்று, அஞ்சலை அந்த அறையில் மண்டியிட்டு, இதுக்காவது கால் நல்லா இருக்குமா என்று கேட்டிருக்கிறாள். கெவுளி சொல்லியிருக்கிறது. தரையைத் தட்டி வாக்கை வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள். இப்போது மறுபடி மருந்து என்றால் வர மாட்டேன் என்கிறாள்.

நானும் அக்காவுமாக அவள் வீட்டுக்குப் போனோம். வயல் ஓரத்துக் கூரை வீடு. பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்தான். குழந்தை தூளியில் தூங்கியது. சோப்பு டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கட்டைகள் இல்லாத வெறும் டப்பா. அதைக் காட்டிப் புரியவைக்கலாம் என்று எண்ணம்.

மருந்து கெட்டிருக்கலாம், திரும்ப விட்டால் கெடுதல் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னேன். அவள் தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை.

"வாக்கு குடுத்துட்ட பொறவு திரும்பப் போயி நின்னா, நம்பலன்னு ஆயிடும் சார். குடுத்த வாக்கு முறிஞ்சிடும். இவன் ஒருத்தன் போதும் எனக்கு" என்றாள்.

டப்பாவை வெளியே எடுத்துக் காட்டினேன். அந்தச் சத்தம் இதற்குள்ளிருந்து வந்தது என்றேன். மருந்து கெடுகிறது, கெடுகிறது என்று இது சொல்லியிருக்கிறது; அது உங்கள் காதில் நல்லா இருக்கும் என்று விழுந்திருக்கிறது. அவள் தூளியை ஆட்டுவதை நிறுத்தினாள். டப்பாவைத் தொடவில்லை. நான் அதை மறுபடி பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"நா கேட்டன்னிக்குச் சொன்னது இதுவா, கெவுளியா? அத மட்டும் சொல்லு சார்."

எனக்குத் தெரியாது. முசேக்கும் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அவள் கெவுளியைத்தான் பிடித்துக்கொள்வாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று போலிருக்கிறது, வெளியே மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"பொட்டிதாம்மா" என்றேன்.

டிச் டிச் டிச் டிச்.

அஞ்சலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து, விரலை மடக்கி, மண் தரையில் தட்டினாள். தனக்கோடி அக்காவும் தட்டினாள். அஞ்சலை குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலில் இறங்கினாள்.

நான் கூரையெல்லாம் தேடினேன். ஓலை இடுக்கு, மூங்கில் கழி, அடுப்புமேட்டுச் சுவர் எங்கேயும் பல்லி இல்லை. இருந்திருக்கும், ஓலைக்குள் ஒளிந்திருக்கும். ஆனால் அந்தச் சத்தம் கூரையிலிருந்து வந்ததா, என் மடியிலிருந்து வந்ததா என்று என்னால் இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. சுகாதார நிலையம் போய்ச் சேரும் வரை அந்தப் பையை நான் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அன்று புது மருந்து விட்டார்கள். முசே எல்லாப் பெட்டிகளிலும் சத்தத்தை மாற்றச் சொன்னார். சைக்கிள் ஹாரன் போல அசிங்கமாக ஊளையிடும்படி செய்தேன், கட்டைகள் சீக்கிரம் தீர்ந்தால் தீரட்டும் என்று அவர் விட்டுவிட்டார். ஃப்ரீசருக்குத் தனியாக வோல்டேஜ் ஏற்றும் பெட்டியும் வந்தது. அந்தப் பல்லியை யாரும் அடிக்கவில்லை. அக்கா விடவில்லை.

சில வருடங்கள் கழித்துப் பாகூர் பஸ் நிறுத்தத்தில் அஞ்சலையைப் பார்த்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெண் குழந்தை பஸ்ஸைப் பிடிக்க முன்னால் ஓடியது. நல்ல ஓட்டம். கோலை ஊன்றிக்கொண்டு அண்ணன்காரன் பின்னால் கத்திக்கொண்டே போனான். முதல் சொட்டு காப்பாற்றியதா, இரண்டாவது சொட்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அது மட்டும் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டிலும் பல்லிகள் இருக்கின்றன. பேச்சுக்கு நடுவே ஒன்று கத்தினால் என் மனைவி விரலை மடக்கித் தரையில் தட்டுகிறாள். நான் எழுந்து போய் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.